கருவில் ஊறும் குருதி

மொழிபெயர்ப்பாளன் செய்யும் பிழை பெரும்பாலும் ஒரு கோப்புக்குள் பிறந்து, அக்கோப்புக்குள்ளேயே மடிந்துவிடும். நாம் செய்த ஒரு பிழைக்கு அந்த நல்லூழ் வாய்க்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன், கருவுற்ற தாய்மார்களுக்கான சுகாதாரக் கையேடு ஒன்றை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கும் பணி நம்மிடம் வந்தது. கருவளர்ச்சியின் நடுப்பகுதியில் இரத்தம் ஈரலில் உண்டாகிறது என்ற பொருள்பட அதில் ஒரு வாக்கியம் இருந்தது. கலைப்பட்டதாரியாகிய நாம், குழந்தைக்கு இரத்தம் தருபவள் தாய்தானே என்று எண்ணி, தாயின் ஈரலில் ஊறும் இரத்தம் குழந்தைக்குச் செல்கிறது என்று எழுதிவிட்டோம். வாக்கியம் ஓசை நயத்தோடுதான் அமைந்தது. செய்திதான் பிழை.

அச்சுக்குப் போகுமுன் அதன் படி ஒன்று நம் பெட்டியில் இருந்தது. விடுமுறைக்குக் கோலார் தங்கவயலுக்குச் சென்றபோது அதை நம் அத்தையிடம் காட்டினோம். அத்தை நெடுங்காலம் பிரசவ வார்டில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். மாரிக்குப்பத்தை அடுத்த லைன் வீடுகளில் இன்றும் அவரை நர்ஸம்மா என்றுதான் அழைப்பார்கள். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வரிவரியாகப் படித்தவர், அந்த இடத்தில் விரலை வைத்து நின்றுவிட்டார். "ஏம்ப்பா, உள்ள இருக்கிற பிள்ளைக்கு ஈரலே கிடையாதா? ஆத்தா ஈரல்லேர்ந்துதான் அதுக்கு ரத்தம் வரணுமா?" என்று கேட்டார்.

நாம் விடை சொல்ல இயலாமல் விழித்தோம். அக்கேள்விக்கு விடை தேடப்போய்க் கிடைத்த வரலாற்றையே இங்கே கூற முற்படுகிறோம். அது தங்கவயலின் வரலாறு அன்று. எனினும் அதன் பல இழைகள் தங்கவயலைச் சுற்றியே செல்கின்றன: அங்கு குடியேறிய மக்களின் சொந்த மாவட்டம், சென்னையில் ஒரு மகளிர் மருத்துவமனை, குன்னூரில் ஓர் ஆராய்ச்சிக் கூடம், பெங்களூரில் ஒரு விஞ்ஞானக் கழகம் ஆகியவற்றை அவ்விழைகள் இணைக்கின்றன.

தங்கவயலைப் பற்றி வெளிமாநிலத் தமிழர்க்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே சுரங்க வேலையை மேற்கொண்டது முதல், வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து நம் மக்கள் கூட்டங்கூட்டமாக அங்கே சென்றனர். 1902-இல் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் அங்கே வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்திற்கு இறங்கிற்று. அச்சுரங்கத்தின் ஆழத்தில் 1965-இல் நியூட்ரினோ என்னும் நுண்துகளின் தடத்தைக் கண்டதால் உலக விஞ்ஞானிகள் தங்கவயலின் பெயரை அறிந்தனர். 2001-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. சயனைடு மேடுகள் மட்டும் நின்றுவிட்டன. ஆண்கள் விடியற்காலை இரயிலில் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். இவையெல்லாம் தெரிந்த செய்திகள். நாம் சிறுவராக இருந்தபோது அவ்வூர்ப் பெண்கள் பேசிக்கொண்டதில் நம் நினைவில் நின்றது ஒரு சொல்: "வெளுத்துப் போயிருக்கா." கருவுற்ற பெண்ணைப் பார்த்துவிட்டு வரும் எவரும் முதலில் சொல்லும் சொல் அதுதான். அடுத்த சொல், "சுவரொட்டி வாங்கிக் கொடு" என்பது. ஆட்டின் மண்ணீரலைத்தான் நம்மவர் சுவரொட்டி என்பர். அது கிடைக்காவிடில் ஈரல். அதற்கும் வசதி இல்லையேல் முருங்கைக்கீரை.

இனி அத்தையின் கேள்விக்கு வருவோம். தாயின் இரத்தம் குழந்தையின் உடலுக்குள் பாய்வதில்லை. நஞ்சுக்கொடியில் இரு குருதிகளும் மெல்லிய திரை ஒன்றின் இருபுறமும் ஓடுகின்றன. உணவும் உயிர்வளியும் திரையைக் கடந்து குழந்தைக்குச் செல்கின்றன. கழிவுகள் மறுபுறம் வருகின்றன. குருதி அணுக்கள் பொதுவாகக் கடப்பதில்லை. ஆகவே குழந்தை தனக்கு வேண்டிய இரத்தத்தைத் தானே செய்துகொள்ள வேண்டும். அதுவும் எலும்பு உருவாகும் முன்பே செய்துகொள்ள வேண்டும்.

அதற்கு இயற்கை செய்துள்ள ஏற்பாடு வியப்பானது. கருவுற்ற மூன்றாம் வாரத்தில், கருவை ஒட்டியுள்ள மஞ்சட்கருப்பையின் சுவரில் முதற்குருதி திட்டுத்திட்டாகத் தோன்றுகிறது. இது தற்காலிக ஏற்பாடு. பிறகு கருவின் பெருந்தமனிச் சுவரில் மூல அணுக்கள் பிறக்கின்றன. அவை நீந்திச் சென்று குடியேறும் இடம் கருவின் ஈரல். ஏறத்தாழ ஆறாம் வாரம் முதல் ஏழாம் மாதம் வரை குருதி உற்பத்தியின் தலைமை நிலையம் அதுவே. ஒன்பதாம் வார அளவில் கருவின் மொத்த எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஈரல்தான்! குருதி உற்பத்தி மிகுந்திருப்பதே அந்தப் பருமனுக்குப் பெருங்காரணம். பின்னர் மூல அணுக்கள் எலும்பு மஜ்ஜைக்கு இடம் பெயர்கின்றன. பிறந்த பின் மஜ்ஜையே அப்பணியை வாழ்நாள் முழுவதும் ஏற்கிறது. பிழைப்புக்காக ஓரிடம் விட்டு ஓரிடம் பெயர்ந்து, சென்ற இடத்தில் வேரூன்றியவர்களுக்கு இந்த அணுக்களின் கதை அந்நியமாகத் தோன்றாது.

கருவின் ஈரலில் குருதி அணுக்கள் உண்டாவதை 1846-இல் கோலிக்கர் என்னும் ஸ்விஸ் அறிஞர் எழுதி வைத்தார். வளர்ந்த உடலில் அவ்வேலை எலும்பு மஜ்ஜையில் நடக்கிறது என்பதை 1868-இல் ஜெர்மனியின் நோய்மனும் இத்தாலியின் பிட்சோட்சேரோவும் தனித்தனியே கண்டனர். இடம் தெரிந்துவிட்டது. ஆனால் எந்தப் பொருள் இல்லாவிடில் அவ்வேலை நின்றுபோகும் என்பது தெரிய மேலும் பல பத்தாண்டுகள் ஆயின. அதைத் தெரிவித்தவை வெளுத்துப்போன மனிதர்களின் உடல்கள்.

வெளுப்பு என்பது ஒரே நோயன்று. சுரங்கத் தொழிலாளரின் வெளுப்பை முதலில் காண்போம். ஆல்ப்ஸ் மலையில் கோத்தார்டு சுரங்கப்பாதையைத் தோண்டிய தொழிலாளர்கள் வெளுத்து வீழ்ந்தபோது, அவர்களின் குடலில் கொக்கிப்புழு இருப்பதை 1880-ஆம் ஆண்டையொட்டி டூரின் நகரத்து பெரோன்சிட்டோ கண்டறிந்தார். வெப்பம், ஈரம், வெறுங்கால், கழிப்பிடமின்மை ஆகியவை ஒன்றுசேரும் இடமெல்லாம் அப்புழுவுக்கு வீடு. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் டோல்கோத் என்னும் சுரங்கத்தில் அதே சோகை தோன்றியபோது, 1902-இல் ஹால்டேன் என்னும் அறிஞர் ஆராய்ந்து, வெப்ப நாடுகளிலிருந்து திரும்பிய தொழிலாளரிடமிருந்து அது வந்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். கார்ன்வால்காரர்கள் வேலை பார்த்த வெப்ப நாட்டுச் சுரங்கங்களுள் நம் கோலாரும் ஒன்று என்பதைச் சேர்த்து நினைத்தால், தங்கவயலும் கார்ன்வாலும் எவ்வளவு நெருங்கிய ஊர்கள் என்பது விளங்கும்.

கொக்கிப்புழு குருதியை உறிஞ்சுவதால் வரும் சோகை இரும்புச்சத்துக் குறைவால் வருவது. அதில் சிவப்பணுக்கள் சிறுத்து வெளிறும். ஆனால் கருவுற்ற ஏழைப் பெண்கள் பலரிடம் வேறொரு சோகையும் காணப்பட்டது. அதில் அணுக்கள் சிறுப்பதற்கு மாறாகப் பெருத்தன. பெருத்தும் முதிர்ச்சியடையாமல் நின்றன. இரும்பு கொடுத்தும் அது தீரவில்லை. இந்த இரண்டாவது சோகைதான் நம் கதையின் திறவுகோல்.

அதைத் திறந்தவர் லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மாது. 1888-இல் பிறந்தவர். மருத்துவம் பயின்று, இரத்த நோய்களில் தேர்ச்சி பெற்றவர். 1928-இல் பம்பாய்க்கு வந்து, ஹாஃப்கின் நிலையத்தில் கருவுற்ற பெண்களின் கொடிய சோகையை ஆராயத் தொடங்கினார். நோயாளிகளில் பெரும்பாலோர் ஏழைகள். ஆலைத் தொழிலாளர் குடும்பத்துப் பெண்களும், வெளியே வராமல் கோஷா முறையில் வாழ்ந்த பெண்களும் அவர்களிடையே இருந்தனர். வசதியுள்ள வீட்டுப் பெண்களுக்கு இந்நோய் அதிகம் வரவில்லை. காரணம் கிருமியா, உணவா என்பது கேள்வி. உணவு என்ற பக்கமே வில்ஸின் மனம் சாய்ந்தது.

1929-இல் அவர் தம் ஆராய்ச்சியைக் குன்னூர் பாஸ்டர் நிலையத்திற்கு மாற்றிக்கொண்டார். உணவாராய்ச்சியில் புகழ்பெற்ற மெக்காரிசன் அங்கே இருந்தார். பம்பாய் ஏழைகள் உண்ட உணவையே எலிகளுக்கும், பின்னர் குரங்குகளுக்கும் கொடுத்து நோயை வருவித்துப் பார்த்தார். 1931-இன் தொடக்கத்தில் சென்னைக்கு வந்து, திருவல்லிக்கேணிக் கோஷா ஆஸ்பத்திரியில் பணியாற்றினார். இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று பெயர் பெற்றிருப்பது அதுவே. நம்மில் எத்தனையோ பேர் பிறந்த இடம் அது! அங்கு பேறுகாலத்திற்கு வந்த தமிழ்ப் பெண்களும் இவ்வாராய்ச்சிக் காலத்து நோயாளிகளுள் அடங்குவர். அவர்களின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

அக்காலத்தில் ஈரல் வைத்தியம் உலகெங்கும் பரவியிருந்தது. 1926-இல் பாஸ்டன் நகரத்து மைனாட், மர்ஃபி என்னும் இருவர், நாளும் நிறைய ஈரல் உண்ணச் செய்து கொடிய சோகை ஒன்றைத் தணித்துக் காட்டியிருந்தனர். விப்பிள் என்பவரோடு அவர்களுக்கு 1934-இல் நோபல் பரிசும் கிடைத்தது. நம் பாட்டிமார் ஈரல் வாங்கிக் கொடுத்ததற்கு யாரும் பரிசளிக்கவில்லை. அது போகட்டும். மேல்நாட்டுச் சோகைக்குக் கைகண்ட மருந்தாக விளங்கிய தூய்மைப்படுத்திய ஈரற்சாறு, இந்தியப் பெண்களின் சோகையைத் தீர்க்கவில்லை. தூய்மைப்படுத்தாத ஈரற்சாறு தீர்த்தது. அவ்வாறெனின், தூய்மைப்படுத்தும்போது விலகிப்போகும் வேறொரு பொருள் ஈரலில் இருக்க வேண்டும் என்பது வில்ஸின் துணிபு. ஈரலோ விலை மிகுந்தது. மலிவான மாற்று வேண்டும். மதுக்காய்ச்சும் இடத்தில் மிஞ்சும் ஈஸ்டின் சாற்றிலிருந்து செய்த மார்மைட் என்னும் கரிய குழம்பைக் கொடுத்துப் பார்த்தார். குரங்கு தேறியது. பெண்களும் தேறினர். 1931-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான கட்டுரையால் உலகம் இதை அறிந்தது. பொருளின் பெயர் தெரியாததால், அதை வில்ஸ் பொருள் என்றே பலர் வழங்கினர்.

பெயர் கீரையிலிருந்து வந்தது. 1941-இல் அமெரிக்காவின் டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தில் நான்கு டன் பசலையினக் கீரையை அரைத்து வடித்து, அந்தப் பொருளைச் செறிந்த நிலையில் பெற்றனர். இலை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லைக்கொண்டு அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். நமது பெண்களுக்கு முருங்கைக்கீரையை விதித்த கைகள் இலையின் குணத்தை அறிந்தே இருந்தன. ஆனால் ஒன்று: கீரையை நெடுநேரம் கொதிக்கவைத்து நீரை வடித்துவிட்டால், இச்சத்தின் பெரும்பகுதி அழிந்தும் கரைந்தும் போய்விடும். நம் சமையற்கட்டில் நடப்பது பெரும்பாலும் அதுதான்.

அடுத்து வருபவர் நம் அண்டை வீட்டுக்காரர். எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895-இல் பீமவரத்தில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியிலும் மருத்துவக் கல்லூரியிலும் பயின்றார். கதர் அணிந்து கல்லூரிக்குச் சென்றதால் ஆங்கிலப் பேராசிரியர் ஒருவரின் மனத்தாங்கலுக்கு ஆளாகி, முழுப் பட்டத்திற்குப் பதில் தாழ்ந்த தகுதிச் சான்றுதான் பெற்றார் என்பது பலரும் அறிந்த செய்தி. அவரை இவ்வழியில் தள்ளியது வேறொன்று. அவருடைய உடன்பிறந்தார் ஸ்புரூ என்னும் குடல்நோயால் இறந்தார். சுப்பாராவையும் அந்நோய் பற்றி, ஆயுர்வேத சிகிச்சையால் உயிர் தப்பினார். ஸ்புரூவில் குடல் சத்துக்களை ஏற்காது. நோயாளி வெளுத்து உலர்ந்துபோவார். பெருத்த அணுக்களோடு கூடிய அதே சோகை அங்கும் காணப்படும். இந்நோய் 1960-களின் தொடக்கத்தில் வட ஆற்காட்டுக் கிராமங்களில் கொள்ளைநோய் போலப் பரவியபோது, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் பேக்கரும் மாதனும் கிராமம் கிராமமாகச் சென்று ஆராய்ந்தனர். தங்கவயல் குடும்பங்கள் பலவற்றின் தாய்க்கிராமங்கள் அந்த மாவட்டத்தில்தான் இருக்கின்றன.

சுப்பாராவ் 1920-களில் அமெரிக்கா சென்று, ஹார்வர்டில் ஃபிஸ்கேயோடு சேர்ந்து தசையின் ஆற்றற்பொருள்களைக் கண்டார். அவருக்கு அங்கும் உரிய பதவி கிடைக்கவில்லை. 1940-இல் லெடர்லே ஆய்வுக்கூடத்திற்கு வந்து, ஈரலில் மறைந்திருந்த அந்தப் பொருளைத் தேடும் படையை நடத்தினார். 1945-இல் ஃபோலிக் அமிலம் செயற்கையாக ஆக்கப்பட்டது. அதே ஆண்டில் டாம் ஸ்பைஸ் என்னும் மருத்துவர் அதைக் கொண்டு சோகையாளரைத் தேற்றினார். ஸ்புரூவிலும் அது பயன் தந்தது. உடன்பிறந்தாரைக் கொன்ற நோயின் மருந்து இளையவனின் கையால் பிறந்தது. அம்மருந்து வந்த போது அவர்களில் எவரும் இல்லை.

ஓர் எதிர்மருந்தும் அக்கூடத்திலேயே பிறந்தது. ஃபோலிக் அமிலத்தைப் போன்றே தோற்றம் காட்டி, அதன் வேலையைத் தடுக்கும் அமினோப்டெரின் என்னும் பொருளை பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர் இரத்தப்புற்று கண்ட குழந்தைகளுக்குக் கொடுத்தார். 16 குழந்தைகளில் 10 பேர் சில காலம் தேறினர் என்று 1948 ஜூனில் அவர் வெளியிட்டார். கட்டுப்பாடின்றிப் பெருகும் அணுக்களை நிறுத்த, ஃபோலேட்டை மறித்தல் போதுமானதாக இருந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் உறக்கத்தில் இறந்தார். வயது 53. ஆனால் அம்மருந்தே கருவுக்கு நஞ்சு என்பதை 1952-இல் வெளியான தீர்ஷ் என்பவரின் ஆய்வு காட்டிற்று. தாய்க்கு அமினோப்டெரின் கொடுத்தபோது கரு கலைந்தது, அல்லது குறையோடு பிறந்தது. பெரியவருக்குச் சோகை தரும் குறை, கருவுக்கு உயிரையே எடுக்கும் குறை என்பது அதனால் தெளிவாயிற்று.

இப்போது நொதிக்கு வருவோம். என்சைம் என்று விஞ்ஞானிகள் அழைக்கும் நொதி, உயிரணுவுக்குள் இரசாயன வேலையை விரைவாக்கும் புரதம். தான் தேயாமல் வேலை வாங்கும் மேஸ்திரி என்று சொல்லலாம். (டோல்கோத்தின் புழுவைக் கண்ட ஹால்டேனின் மகன் ஜே.பி.எஸ். ஹால்டேன், நொதிகள் வேலை செய்யும் வேகத்திற்கு பிரிக்ஸோடு சேர்ந்து 1925-இல் கணக்கு எழுதியவர். பின்னாளில் நம் நாட்டுக் குடிமகனாகி, 1964-இல் புவனேசுவரத்தில் மறைந்தார். தந்தை ஒரு முனையிலும் மகன் மறுமுனையிலுமாக நம் கதையைத் தொட்டுச் செல்கின்றனர்.)

ஃபோலேட்டை ஒரு வண்டி என்று கொள்வோம். சுரங்கத்தில் கல்லை ஏற்றிச் செல்லும் வண்டியைப் போல, இது ஒரே ஒரு கரி அணுவை ஏற்றிச் செல்லும். அக்கரியணு சேருமிடம், மரபுச் சரக்காகிய டி.என்.ஏ.வின் ஓர் எழுத்தை ஆக்கும் இடம். புதிய அணு பிறக்க டி.என்.ஏ. இரட்டிக்க வேண்டும். வண்டி வராவிடில் இரட்டிப்பு தாமதப்படும். அணு பருத்துக்கொண்டே போய்ப் பிரியாமல் நிற்கும். மருத்துவர் கண்ட பெருத்த அணுக்களின் காரணம் இதுதான்.

வண்டியில் சரக்கை ஏற்றும் மேஸ்திரி ஒருவர் வேண்டுமல்லவா? அவருடைய பெயர் நீளமானது: செரின் ஹைட்ராக்சிமெதில் டிரான்ஸ்ஃபரேஸ். நாம் செரின் நொதி என்றே குறிப்போம். செரின் என்னும் அமினோ அமிலத்திலிருந்து ஒரு கரியணுவைக் கழற்றி ஃபோலேட் வண்டியில் ஏற்றுவது இதன் வேலை. கழற்றிய பின் செரின் கிளைசின் ஆகிறது. கிளைசினும் வீணாவதில்லை. இரத்தத்தின் சிவப்புக்குக் காரணமான ஹீம் என்னும் பொருளைக் கட்டத் தொடங்க வேண்டிய முதற்கல் அதுவே. ஆக, அணுவைப் பெருக்கவும் அணுவைச் சிவக்கவைக்கவும் ஒரே நொதியின் கையிலிருந்து சரக்கு கிடைக்கிறது.

இந்நொதியைத் தம் வாழ்நாள் ஆராய்ச்சியாகக் கொண்டவர், பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துப் பேராசிரியர் அப்பாஜி ராவ். தங்கவயல் இரயில் காலையில் சென்று சேரும் ஊர்தான்! 1980-களில் அவரும் அவர் குழுவினரும் பச்சைப்பயற்றின் முளையிலிருந்தும், செம்மறியாட்டின் ஈரலிலிருந்தும் இந்நொதியைத் தூய்மையாகப் பிரித்து ஆராய்ந்தனர். ஆட்டீரல் நொதியின் அமினோ அமிலங்கள் எந்த வரிசையில் கோத்திருக்கின்றன என்பதை 1994-இல் வெளியிட்டனர். நம் அத்தையின் காதில் இதைப் போட்டபோது, "அப்ப, ஈரல் வாங்கிக் கொடுன்னு சொன்னது தப்பில்லைதானே?" என்றார். ஈரலில் நொதியும் இருக்கிறது, ஃபோலேட்டும் இருக்கிறது. சமைக்கையில் நொதி சிதைந்துவிடும். உண்பவருக்கு ஃபோலேட்டும் இரும்பும்தான் மிஞ்சும். நொதியைக் கடையில் வாங்கிக் குழந்தைக்குக் கொடுக்க முடியாது. அதைக் குழந்தை தன் மரபணுவைக் கொண்டு தானே செய்துகொள்ள வேண்டும். தாயால் கொடுக்கக்கூடியது வண்டி மட்டுமே.

இந்நொதியில் இரு வகை உண்டு. ஒன்று உயிரணுவின் பொதுவெளியில் வேலை செய்வது. மற்றொன்று, அணுவின் உலைக்களமாகிய மைட்டோகாண்ட்ரியாவினுள் வேலை செய்வது. முதல் வகை இல்லாமல் பிறந்த சுண்டெலிகள் உயிரோடு வளர்ந்தன. இரண்டாம் வகையின் நிலை வேறு. ஜப்பானின் சுகுபா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் அதன் மரபணுவை நீக்கிய சுண்டெலிக் கருக்களைக் கவனித்தனர். அவை பிறப்பதற்கு முன்பே இறந்தன. 2018-இல் அவர்கள் அறிவித்தது யாதெனின், அக்கருக்களின் ஈரலில் மைட்டோகாண்ட்ரியாவின் மூச்சுச்செயல் குன்றியிருந்தது, மூளையில் குன்றவில்லை. அதே மரபணு, அதே குறை, அதே கரு. ஆயினும் அடிபட்டது ஈரல்தான். 2019-இல் வெளியான அடுத்த ஆய்வில், அக்கருக்கள் சோகையுற்றிருந்ததையும், கருவின் ஈரலில் தனிப்பட்ட முறையில் ஏற்பட்ட வளர்சிதை மாற்றக் கோளாறே அதற்கு அடிப்படை என்பதையும் எழுதினர். அத்தையின் கேள்விக்கு நாம் கண்ட மிக நேரான விடை இதுவே: குழந்தைக்கும் ஈரல் உண்டு. அந்த ஈரல் வெறும் உறுப்பன்று, தொழிற்சாலை. தொழிற்சாலையின் உள்ளிருக்கும் ஒரு நொதி நின்றால், மற்ற உறுப்புகளுக்கு முன்னால் அதுவே முடங்குகிறது.

சுண்டெலியின் கதையை மனிதருக்கு அப்படியே பொருத்துவது தவறு. மனிதரில் இந்நொதியின் மரபணுவில் மாற்றம் கண்ட சில குடும்பங்களை 2020-இல் மருத்துவர்கள் விவரித்தனர். அங்கு மூளை, இதயம் ஆகியவற்றின் வளர்ச்சிதான் பெரிதும் பாதிக்கப்பட்டிருந்தது. முழுவதும் இழந்த கரு பிறவாது. ஓரளவு குறைந்த நொதியோடு பிறந்தவர்களையே மருத்துவர் காண்கின்றனர் என்று கருதுவது பொருத்தம். ஃபோலேட் வண்டி ஒருமுறை சரக்கை இறக்கிய பின் மறுமுறை ஏற்றுவதற்குத் தகுதியாக்கும் வேறொரு நொதி உண்டு. டைஹைட்ரோ ஃபோலேட் ரிடக்டேஸ் என்பது அதன் பெயர். ஃபார்பரின் அமினோப்டெரின் மறித்தது இதைத்தான் என்பது 1950-களின் இறுதியில் தெரிந்தது. இந்நொதி பிறவியிலேயே குறைந்த குழந்தைகளை 2011-இல் மருத்துவர்கள் கண்டனர். அவர்களுக்குப் பெருத்த அணுக்களோடு கூடிய சோகை இருந்தது. லூசி வில்ஸ் பம்பாயிலும் சென்னையிலும் உருப்பெருக்கியில் கண்ட அதே வகை அணுக்கள்.

நம் நாட்டில் 1970 முதல் கருவுற்ற பெண்களுக்கு இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை வழங்கப்பட்டு வருகிறது. ஒரு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும், அரை மில்லிகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கும். ஆயினும் 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வில், கருவுற்ற பெண்களில் 52.2 சதவீதத்தினர் சோகையோடு காணப்பட்டனர். 15 முதல் 49 வயது வரையுள்ள எல்லாப் பெண்களையும் எடுத்துக்கொண்டால் 57 சதவீதம். மாத்திரை வீட்டுக்கு வந்து சேர்கிறது. வயிற்றுக்குள் சேர்கிறதா என்பது வேறு கதை. குமட்டுகிறது, மலம் கறுக்கிறது என்று அஞ்சி, பானைக்குள் போட்டு வைக்கும் பெண்களை அத்தை நிறையப் பார்த்திருக்கிறார். "கறுப்பா போனா மாத்திரை வேலை செய்யுதுன்னு அர்த்தம்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும். அதைச் சொல்ல ஆளில்லை" என்பார். மருந்தில் உள்ள இரும்பில் உடல் ஏற்காத மிச்சமே அக்கறுப்புக்குக் காரணம். அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் வெளிமாநிலத்தில், மொழி தெரியாத மருத்துவமனை வரிசையில் நிற்கும் நம் பெண்ணுக்கு அந்த ஒரு வார்த்தையை யார் சொல்வது? அவள் கையில் இருப்பது நாம் மொழிபெயர்த்த கையேடுதான். அதில் பிழை இருந்தால் அவளுக்கு வேறு புத்தகம் கிடையாது.

ஊர் திரும்பியதும் அந்த வாக்கியத்தைத் திருத்தினோம். இப்போது அது, குழந்தையின் சொந்த ஈரலில் அதன் இரத்தம் உண்டாகிறது, அதற்கு வேண்டிய சத்தைத் தாயின் உணவும் மாத்திரையும் தருகின்றன, என்று இருக்கிறது. முன்பு எழுதியதைப்போல் அதில் ஓசை இல்லை. அச்சான படியை அத்தைக்கு அனுப்பினோம். ஒரு வாரம் கழித்துத் தொலைபேசியில் பேசினார். அவ்வரியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "எல்லாம் சரிப்பா. மாத்திரை போட்டதும் காப்பி குடிக்கக் கூடாதுன்னு எந்தப் பக்கத்துல எழுதியிருக்கே? தேடித் தேடிப் பாக்குறேன், காணோமே" என்றார்.

காப்பியும் தேநீரும் இரும்பை உடல் ஏற்பதைக் குறைப்பவை. ஆங்கில மூலத்திலும் அது இல்லை. அடுத்த பதிப்புக்காகக் குறித்து வைத்திருக்கிறோம்.